இரும்பு ஒட்சைட்டு என்று சொல்லிக் கரித்துகள் விற்கிறார்கள்: கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

வெள்ளவத்தையில் என் வீட்டிலுள்ள 200 லீற்றர் பவளத் தொட்டியில், பாசிக்கு உரமாகும் பொஸ்பேற்று லீற்றருக்கு 0.25 மில்லிகிராமைத் தொட்டபோது, பாறைகளெங்கும் பச்சை மயிர்ப்பாசி மண்டத் தொடங்கியிருந்தது. இந்த அளவை 0.03க்கும் 0.1க்கும் இடையில் வைத்திருக்கவே பெரும்பாலோர் முயல்வார்கள். அதற்கு மேலே போனால் பாசி தழைப்பதோடு, வன்பவளங்கள் சுண்ணக்கூடு கட்டுவதும் மந்தமாகிவிடும்.

ஆகவே, நகரிலுள்ள ஓர் அலங்கார மீன் கடையில் பொஸ்பேற்றைப் பற்றி இழுக்கும் இரும்பு ஒட்சைட்டு மணிகளைக் கேட்டேன். பெயரோ எடையோ அச்சிடப்படாத பொலித்தீன் பையொன்றை 6,500 ரூபாவுக்குத் தந்து, மொத்தமாக இறக்கிப் பிரித்து விற்பதால்தான் இந்த விலை என்றார்கள். வாளியில் அலசியபோது நீர் மைக்கறுப்பாக ஓடியது. இரும்பு ஒட்சைட்டென்றால் துருவின் செம்பழுப்பு நிறம்தான் கரைந்து வந்திருக்கும். அதைப் பார்த்த பின்பும் வடிகட்டியில் போட்டது என் பிழை.

இரண்டு கிழமையில் அளவு 0.4 ஆனது. கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, “அளவு காணாது தம்பி, இன்னொரு பை போடுங்கோ, இறங்கும்” என்றார். போட்டேன், அதற்கும் காசு கொடுத்து. அளவு 0.6க்கு ஏறியது, பவளங்கள் விரிவதை நிறுத்திக்கொண்டன.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். இரண்டு போத்தல்களில் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி மணிகளை இட்டு, ஒரு நாள் கழித்து வடித்தெடுத்துப் பொஸ்பேற்றுச் சோதனைத் திரவத்தை விட்டேன். வெறும் நீர் நிறமற்றிருக்க, மற்றது மயில்கழுத்து நீலமானது. எனக்கு விற்கப்பட்டது கிளர்வூட்டிய காபன், அதாவது நீரை வடிகட்டப் பதப்படுத்திய கரித்துகள் என்பதே என் முடிவு. அது பொஸ்பேற்றை நீக்காது என்பதோடு, பொஸ்போரிக் அமிலத்தால் கிளர்வூட்டப்பட்ட வகையென்றால் தானே நீரில் பொஸ்பேற்றைக் கசியவிடும்.

திறந்த பையைத் திருப்பி எடுக்க முடியாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். பற்றுச்சீட்டில் ‘மீன் பொருட்கள்’ என்று மட்டுமே எழுதியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு செய்திருக்கிறேன். ஆனால் என்ன பொருளென்று எழுதாத சீட்டை வைத்துக்கொண்டு வாதாடுவது எளிதல்ல. நீங்கள் வாங்கும்போது பொருளின் பெயரையும் எடையையும் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வாங்காதீர்கள்.

இப்போது முத்திரை உடையாத பொதியில் வந்த இரும்பு ஒட்சைட்டைச் சிறிது சிறிதாகப் பயன்படுத்துகிறேன், ஏனெனில் அளவு சடுதியாக இறங்கினாலும் பவளங்கள் தாங்கா. பாறைகள் உறிஞ்சி வைத்திருந்த பொஸ்பேற்று மெல்லக் கசிந்துகொண்டிருப்பதால், ஆறு கிழமையாகியும் அளவு 0.18இல் நிற்கிறது. இரண்டாவது பையில் பாதி என்னிடம் மீதமிருக்கிறது. இத்தகைய பையை வாங்கியவர்கள் தங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் ஒரு கரண்டி தருகிறேன்.