கொப்பியா, எக்செலா, பில் மெஷினா, பவர் பிஐயா: எங்கள் ஊர்க் கடைக்கு எது சரி?

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடியில் என் மாமாவின் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரர்கள். குருமண்வெளித் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி மண்டூர்ப் பக்கம் திரும்பிப் போகிறவர்கள், போகும் வழியில் மாதச் சாமானைக் கட்டிக்கொண்டு போவார்கள். காசைக் கேட்டால் பதில் ஒன்றுதான்: "வெள்ளாமை வெட்டினதும் தாறன் அண்ணன்."

இந்த ஒரு வசனத்தை எந்தக் கருவி சரியாகப் புரிந்துகொள்கிறது? நான்கையும் அதே கடையில் வைத்துப் பார்த்த பிறகு, எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகத் தெரிகிறது.

தரவை வைத்துத் தொழிலை மாற்றலாம் என்று சொல்வது வெறும் பேச்சல்ல. 2004இல் அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் சூறாவளி வருமுன், வால்மார்ட் நிறுவனம் தன் பழைய விற்பனைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. சூறாவளிக்கு முந்திய நாட்களில் டோர்ச் லைட் மட்டுமல்ல, ஸ்ட்ராபெரி பாப்-டார்ட் என்ற இனிப்புப் பலகாரமும் வழமையைப் போல ஏழு மடங்கு விற்றிருந்தது. உடனே அதை லொறிகளில் ஏற்றி அனுப்பினார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மட்டக்களப்புக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல. மாரி மழை இறுகும்போது மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, டின்மீன், நுளம்புச்சுருள் எல்லாம் பறக்கும் என்று மாமாவுக்குத் தெரியும். எத்தனை பெட்டி, எந்தக் கிழமையில் என்று கேட்டால் அதுவும் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் கடையில் வேறு யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கு உண்மையில் அப்படி நடந்தது. அதற்குப் பிறகுதான் நான் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

முதலில் கொப்பி. அதை யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது, எங்கள் கடையில் வேலை செய்த ஒரே கணக்கு முறை கொப்பிதான். கால் கிலோ பருப்பு, ஐந்நூறு கிராம் சீனி என்று சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் சாமானுக்கு அதைவிட வேகமானது எதுவும் இல்லை. கடன்காரர் தன் கண்முன்னே எழுதப்படுவதைப் பார்க்கிறார். பிறகு தகராறு வராது. ஆனால் போன வருடம் எந்தச் சாமானில் லாபம் நின்றது என்று கேட்டால், கொப்பியிடம் பதில் இல்லை. அதோடு, அது ஒரே ஒரு பிரதி. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன கரையோரக் கடைகளில் கடன் கொப்பிகளும் போயின. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது கொடுத்தவர் வாங்கியவர் மனச்சாட்சியில் மட்டும் மிஞ்சியது. கொப்பியே போதும் என்கிறவர்கள், ஒவ்வொரு இரவும் அன்றைய பக்கத்தை போனில் படம் எடுத்தாவது வையுங்கள்.

எக்செலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் அதிகம் பேருக்கு அதுதான் கைக்கு எட்டுவது. காசு கொடுத்து வாங்க முடியாவிட்டால் கூகுள் ஷீட்ஸ் இருக்கிறது, லிப்ரே ஆபிஸ் இருக்கிறது, இரண்டும் இலவசம். திகதி, பெயர், சாமான், அளவு, விலை, கடனா காசா என்று ஆறு நிரல்கள். இதற்கு மேல் ஏழாவதாக நான் ஒரு நிரல் போட்டேன்: போகம். ஐப்பசியில் எடுத்த கடன் பெரும்போகத்துக்கு, சித்திரை வைகாசியில் எடுத்தது சிறுபோகத்துக்கு. அந்த ஒரு நிரல்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

ஏனென்று சொல்கிறேன். கடன் எத்தனை நாள் பழையது என்று 30, 60, 90 நாளாகப் பிரித்துப் பார்ப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். 90 நாளைத் தாண்டினால் அது ஆபத்தான கடன். எங்கள் விவசாயி ஐப்பசியில் விதைத்து மாசி பங்குனியில் வெட்டுகிறார். மூன்று, மூன்றரை மாத நெல்லே ஆனாலும், வெட்டிக் காயவைத்து விற்றுக் காசு கையில் வர நான்கு மாதம் தாண்டும். உலக வழக்கப்படி பார்த்தால் எங்கள் மிக நேர்மையான வாடிக்கையாளர்கள் எல்லோரும் சிவப்பில் வருவார்கள். போகம் என்ற நிரலை வைத்துப் பிவட் டேபிள் (வரிகளை வகை வகையாகத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணை) போட்டபோது வேறு படம் வந்தது. வெட்டு முடிந்தும் தராதவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கினார்கள். மாமா அதுவரை நெஞ்சில் சுமந்த பயத்தில் பாதி அன்றைக்கே இறங்கிவிட்டது.

எக்செலின் குறையும் இந்தச் சுதந்திரம்தான். யார் வேண்டுமானாலும் எப்படியும் எழுதலாம். சீனி ஒரு நாள் தமிழில், மறுநாள் ஆங்கிலத்தில், இன்னொரு நாள் பாமினி எழுத்துருவில். பாமினியில் அடித்தது நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக்களின் கூட்டம். ஒரே சீனி மூன்று சாமானாகப் பிரிந்து நிற்கும். ஆரம்பத்திலேயே, கணினியும் தமிழாகவே அறிகிற யூனிகோட் என்று முடிவெடுத்து, பெயரைப் பட்டியலிலிருந்து மட்டும் தெரிவு செய்யும்படி வைத்துவிடுங்கள். பெரிய இடங்களும் இதில் வழுக்கியிருக்கின்றன. 2020இல் இங்கிலாந்தில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பைப் பயன்படுத்தியதால், 15,841 கொரோனாத் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. இப்போதைய எக்செல் ஒரு தாளில் 1,048,576 வரிகளைத் தாங்கும். நாளுக்கு 300 வரி எழுதினாலும் ஒன்பது வருடத்துக்கு மேல் போகும். ஆகவே எங்களுக்கு இடம் ஒரு பிரச்சினை இல்லை. இரவு ஒன்பது மணிக்குக் கடை பூட்டிய பிறகு உட்கார்ந்து அந்த 300 வரியை யார் அடிப்பது என்பதுதான் பிரச்சினை.

அங்கேதான் பில் மெஷின் வெல்கிறது. விற்கும் கணத்திலேயே பதிவாகிவிடுகிறது, தனியாக யாரும் அடிக்கத் தேவையில்லை. பால்மா குறையும்போது சொல்லும், பிஸ்கட்டின் காலாவதித் திகதியைக் காட்டும். பொதி செய்த சாமானுக்கு இதைவிட நல்லது இல்லை. நிறுத்துக் கொடுக்கும் சாமானுக்குத் தராசோடு இணைக்காவிட்டால் பாதிப் பதிவு தப்பிப்போகும்.

ஆனால் அதற்குள் இருக்கும் அறிக்கைகளை யாரோ எங்கோ இருந்து செய்திருக்கிறார்கள். மருதமுனையில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு, 2025 ஏப்ரல் விற்பனை 2023 ஏப்ரலைவிட மோசமாக விழுந்துவிட்டதாக மெஷின் காட்டியது. மனிதர் இரண்டு நாள் தூங்கவில்லை. விஷயம் என்னவென்றால், 2023இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 22. சித்திரைப் புத்தாண்டும் பெருநாளும் ஒரே மாதத்தில் விழுந்தன. 2025இல் பெருநாள் மார்ச் 31. பெருநாள் வியாபாரம் முழுவதும் மார்ச்சுக்குப் போய்விட்டது. பிறைக் கணக்கில் வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும் என்பது அவருடைய கடைப் பையனுக்கும் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. பெருநாளுக்கு முந்திய முப்பது நாளை முப்பது நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அவர் கடை நன்றாகவே வளர்ந்திருந்தது.

இன்னொரு அனுபவம். நாங்கள் முதலில் வாங்கிய மென்பொருளில் விற்பனை வரிகளை வெளியே எடுக்க வழியே இல்லை. அவர்கள் காட்டும் அறிக்கையைப் பார்க்கலாம், அச்சிடலாம், அவ்வளவுதான். விற்றவரிடம் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் என்றார். மாற்றியபோது பதினான்கு மாதக் கணக்கு அதற்குள்ளேயே செத்துப்போனது. காசைக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒவ்வொரு பில்லின் ஒவ்வொரு வரியையும் எக்செலுக்கு எடுக்கலாமா? உங்கள் கண்முன்னே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாதென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பவர் பிஐ என்பது கணக்கை வரைபடங்களாகக் காட்டும் மைக்ரோசொஃப்ட் மென்பொருள், அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விண்டோஸ் கணினியில் அதன் டெஸ்க்டொப் வடிவம் இலவசம். மற்றவர்களோடு பகிர வேண்டுமென்றால் ப்ரோ கணக்கு, 2025 ஏப்ரலிலிருந்து ஆளுக்கு மாதம் 14 டொலர். கூகுளின் இதே மாதிரிக் கருவியான லுக்கர் ஸ்டுடியோவில் பகிர்வதும் இலவசம். பவர் பிஐயில் எனக்குப் பிடித்தது, தனியாக ஒரு நாட்காட்டி அட்டவணை செய்து அதில் போகம், பெருநாள், மாமாங்கேஸ்வரர் கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் எல்லாவற்றையும் நாமே குறித்துவைக்கலாம் என்பது. சம்மாந்துறையில் நெல் ஆலையும் அக்கரைப்பற்றில் இரண்டு கடையும் வைத்திருக்கிற ஒருவருக்கு அது பொருந்தும். ஒரே கடைக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதன் அழகே சில நேரம் ஆளை ஏமாற்றும். 2022 கணக்கை அதில் போட்டபோது கோடு மேலே மேலே போனது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ரூபாயை விட்டுவிட்டுக் கிலோவில் கணக்கெடுத்தால், சீனியும் பருப்பும் முந்திய வருடத்தைவிடக் குறைவாகவே விற்றிருந்தன. சனம் குறைத்துச் சாப்பிட்டிருக்கிறது. அதை அறிந்த பிறகுதான் சின்னப் பொட்டலங்கள் கட்டி வைக்கத் தொடங்கினோம்.

சரி, காசு செலவழிப்பதென்றால் எதில்? அளவும் நிறமும் நூறு வகையாக உள்ள காத்தான்குடித் துணிக்கடைக்கு முதலில் பில் மெஷின்தான். மருதமுனைக் கைத்தறிக்காரருக்கு எக்செல் போதும். நெய்யும் வகை குறைவு, நூல் விலையையும் கூலியையும் சரியாக எழுதினால் பதில் கிடைத்துவிடும். எங்கள் கடையில் மூன்றும் இருக்கின்றன: கடனுக்குக் கொப்பி, பொதிச் சாமானுக்கு மெஷின், ஞாயிற்றுக்கிழமை இரண்டும் சேர்ந்து எக்செலுக்கு.

இந்த ஐப்பசியிலிருந்து கடன் கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் கீறியிருக்கிறோம். சாமானைக் கட்டிக்கொண்டே மாமா கேட்டு எழுதுகிறார்: "எப்ப விதைச்ச தம்பி? எத்தின மாத நெல்லு?"