ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸரை மாற்றச் சொன்னால், முதலில் கசிவைத் தேடச் சொல்லுங்கள்

தஞ்சாவூர் புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு பணிமனையில், என் பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 வண்டிக்குப் புதியது என்று சொல்லிப் பெயின்ட் அடித்த பழைய ஏர் கம்ப்ரஸரைப் பொருத்தி ₹85,000 வாங்கிவிட்டார்கள். அதைவிட மோசம், வண்டி இறங்கியதற்குக் காரணம் கம்ப்ரஸரே இல்லை என்பது. இந்த வண்டியை இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் பைகள் (ஏர் ஸ்பிரிங்) தாங்குகின்றன; அவற்றுக்குக் காற்றை அழுத்தித் தருவதுதான் கம்ப்ரஸர். டெல்டாவில் இவ்வகை வண்டிகள் குறைவு, அவற்றை அறிந்த மெக்கானிக்குகள் அதைவிடக் குறைவு என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் கரைகளிலும் வயலோர மண்பாதைகளிலும் ஓடும் வண்டி இது. ஐப்பசி அடைமழையில், காலையில் பார்த்தால் தாழ்ந்து படுத்துக் கிடந்தது. ஸ்டார்ட் செய்தால் வெகுநேரம் கழித்தே எழும்பியது. பணிமனையில் ஸ்கேனர் மாட்டியதும் சி1ஏ20 என்ற பழுதுக் குறியீடு வந்தது. "கம்ப்ரஸர் முடிஞ்சுது சார், புது ஏஎம்கே போட்டாத்தான் நிக்கும்" என்றார் பணிமனை உரிமையாளர்; ஏஎம்கே என்பது கம்ப்ரஸர் செய்யும் ஒரு நிறுவனம். அந்தக் குறியீடு சொல்வதோ, காற்றுத் தொட்டியை நிரப்பும்போது அழுத்தம் மிக மெதுவாக ஏறுகிறது என்பதை மட்டுமே. தேய்ந்த பிஸ்டன் வளையம், ஈரம் குடித்துத் தூளான சிலிக்கா ஜெல், காற்றைச் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக், எங்கோ ஒரு கசிவு என எதுவும் அதற்குக் காரணமாகலாம். கசிவு இருந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறி, வெப்பப் பாதுகாப்பினால் தானாகவே நின்றுவிடும்; அதற்காகக் கம்ப்ரஸரைக் குற்றம் சொல்வது, குடத்து ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைப்பவனைத் திட்டுவது போன்றது.

சில வாரங்களில் வண்டி மறுபடியும் இறங்கியது. திருச்சியில் ஒரு மெக்கானிக், இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் காட்டினார். மேலே பளபளப்பான கறுப்புப் பெயின்ட். குளிர்விக்கும் தகடுகளின் இடுக்கில் கெட்டிப்பட்ட செம்மண், அதன் மீதும் அதே பெயின்ட். எங்கள் வயல்களில் ஒட்டுவது சாம்பல் நிற வண்டல் சேறு. பெயர்த்தகடு சுரண்டப்பட்டிருந்தது. "அண்ணே, இது பழைய ஹிட்டாச்சி. ஏஎம்கே போட்டிருந்தா லேப்டாப் மாட்டி சாஃப்ட்வேரும் மாத்தியிருக்கணுமே, மாத்துனாங்களா?" என்றார். மாற்றவில்லை. கம்ப்ரஸருக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும் பழையதாகவே விட்டிருந்தார்கள்; அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் நல்ல கம்ப்ரஸரும் நிற்காமல் ஓடிக் கருகிவிடும். கம்ப்ரஸரின் விலையோடு பார்த்தால் ரிலே ஒரு செலவே அல்ல.

உண்மையான பழுதை அவர் கண்டுபிடித்த விதம் எல்லோருக்கும் பயன்படும். இந்த வண்டி நிறுத்தி வைத்திருக்கும்போதும் அவ்வப்போது விழித்து, மிகத் தாழ்ந்த மூலையின் அளவுக்கு மற்ற மூலைகளையும் இறக்கிச் சமன் செய்துகொள்ளும். ஆகவே எந்த மூலையில் கசிகிறது என்பது வெறுமே பார்த்தால் தெரியாது. அவர் சஸ்பென்ஷன் கட்டுப்பாட்டுக் கருவியின் ஃபியூஸை இரவு முழுதும் கழற்றி வைத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொண்டார். காலையில் முன் இடப்பக்கம் மட்டும் இறங்கியிருந்தது. வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, அந்த ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் மடிப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்ததும், மயிரிழை விரிசலிலிருந்து பொடிப் பொடியாக நுரை கிளம்பியது. இந்தச் சோதனையைச் செய்யாமல் கம்ப்ரஸரில் கை வைக்கும் பணிமனையில் வண்டியை விடவேண்டாம்.

ரசீதில் "கம்ப்ரஸர் 1" என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். பாக எண்ணும் இல்லை, தொடர் எண்ணும் இல்லை. இரண்டையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். புகார் தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் பாதிப் பணம் தருவதாக இப்போது ஆள்மூலம் சொல்லி அனுப்புகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்யவேண்டும், ₹5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. படங்களையும் ரசீதையும் சேர்த்துத் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.