மெலிய வைக்கிறோம் என்று 68,500 ரூபாயை வாங்கினார்கள்: யாழ்ப்பாணத்துப் பெண்கள் கவனம்

இன்று காலை பத்தரைக்கு, கட்டிய காசைத் திருப்பிக் கேட்க, அந்த மெலிவு நிலையத்துப் படியேறிப் போனேன். இதோடு ஐந்தாவது தடவை. முன்மேசையில் இருக்கும் பிள்ளை போனில் இருந்து தலையை நிமிர்த்தாமலே, "மேடம் கொழும்புக்குப் போட்டா அக்கா" என்றது. போன கிழமையும் மேடம் கொழும்பில்தான். அதற்கு முந்தின கிழமையும் கொழும்பில்தான். உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேடத்தின் குரல் எனக்கு வடிவாகக் கேட்கிறது, யாரோ புதிதாக வந்த ஒருவருக்கு "பயப்பிடாதேங்கோ அக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறா. எனக்கும் அதே வசனத்தைத்தான் தை மாதம் சொன்னவ.

பேர் சொல்லப் போவதில்லை. வழக்கு, பொலிஸ் என்று இழுபட எனக்குத் தெம்பு இல்லை. யாழ் நகரத்துக்குள், ஒரு மாடியில், பெண்களுக்கு மட்டும் என்று பலகை போட்ட மெலிவு நிலையம். பாதி ஜிம், பாதி மாக்கடை, சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கும் மா. அவ்வளவு போதும். என் 68,500 ரூபாய் எப்படிப் போனது என்று சொல்கிறேன், முடிவில் சாப்பாட்டையும் பயிற்சியையும் எப்படிச் சரியாகச் சேர்த்துச் செய்வது என்று நான் பிந்தி அறிந்துகொண்டதையும் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு 41 வயது. உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 74 கிலோ. மார்கழியில் வயிற்று ஸ்கான் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார்கள். இடுப்புச் சுற்றளவு 96. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. டொக்டர், "சாப்பாட்டைக் குறைச்சு நடவுங்கோ" என்றார். எதைக் குறைப்பது, எவ்வளவு நடப்பது என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாயிற்று. அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே அறுபது பேர் இருந்தார்கள். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட அந்த மிச்சத்தை வைத்துத்தான் இவர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

நான் எந்த இடத்தில் நம்பினேன் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். விளம்பரத்தில் இல்லை. பேஸ்புக்கில் வரும் முன்-பின் படங்களை நானும் பகிடியாகத்தான் பார்ப்பவள். அளவுநாடாவில்தான் நம்பினேன். மேடம் என்னை நிற்க வைத்து, தானே முழங்காலில் இருந்து, நாடாவை என் வயிற்றைச் சுற்றிப் பிடித்து, மூச்சை எக்கிக்கொண்டு நின்ற என்னை நிமிர்ந்து பார்த்து, "விடுங்கோ அக்கா, என்னட்டை என்ன வெட்கம், நானும் ரெண்டு பெத்தவள்தான்" என்றா. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு என் வயிற்றை ஒருவரும் அப்படிக் கூச்சமில்லாமல் தொட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. பிறகு கொச்சிக்காய் போட்ட இஞ்சித் தண்ணி ஒரு கோப்பை. அம்மா கரவெட்டி என்று சொன்னதும், "அட, நாங்களும் வடமராட்சிதான்!"

அதற்குப் பிறகு மெஷின். வெறுங்காலோடு ஏறி நின்றால் கொழுப்பு எத்தனை வீதம், தசை எவ்வளவு என்று துண்டு அடித்துத் தரும். என் துண்டில் "உடல் வயது 57" என்று வந்தது. 41 வயதுக்காரிக்கு 57 என்று அச்சடித்த கடதாசியைக் கையில் தந்தால் அவள் என்ன செய்வாள்? கையெழுத்துப் போடுவாள். நானும் போட்டேன்.

மூன்று மாதத்தில் 12 கிலோ, இல்லாவிட்டால் காசு திருப்பி. 3 மாத ஜிம் 36,000. எனக்கென்றே தனியாகத் தயாரித்த டயற் பிளான் 8,500. இரண்டு ரின் மா, ஒன்று 12,000 படி 24,000. மொத்தம் 68,500. கிணற்று மோட்டர் மாற்றவென்று கட்டிய சீட்டுக்காசு அது. 36,000 கையில் கொடுத்தேன், அதற்கு மட்டும் துண்டு எழுதினார்கள். மிச்சம் 32,500 வங்கிக்குப் போட்டேன். நிலையத்தின் பேரில் கணக்கு இல்லை, ஒரு ஆளின் சொந்தக் கணக்கு. "கொம்பனிக் கணக்கு மாறிக்கொண்டிருக்கு அக்கா" என்றார்கள். அங்கேயே எழும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதல் கிழமையிலேயே 2.8 கிலோ குறைந்தது! எல்லாரும் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் படம் இப்போதும் அவர்களின் பக்கத்தில் இருக்கிறது, எடுக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டேன். விசயம் என்னவென்றால், முதல் நாள் நிறுத்தது பின்னேரம் மூன்று மணிக்கு, மத்தியானம் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, உடுத்திருந்த சல்வாரோடு. இரண்டாவது தடவை விடிய ஆறரைக்கு, வெறும் வயிற்றில், மெல்லிய ரீசேட்டோடு. வித்தியாசத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மற்றப் பாதி தண்ணீர். சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாச்சத்து கரையும், ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு தண்ணீரும் சேர்ந்து போகும். கொழுப்பு அப்போதுதான் மெல்ல அசையத் தொடங்கும். அந்த மெஷினும் அப்படித்தான். உடம்பில் தண்ணீர் எவ்வளவு என்பதை வைத்துக் கணக்குப் போடுவது, சாப்பிட்ட நேரம், குடித்த தண்ணி, செய்த பயிற்சி எல்லாவற்றோடும் எண் மாறும்.

"தனியாகத் தயாரித்த" பிளானைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. ஒரு ஏ4 தாள். காலையும் இரவும் மாக் கரைசல். மத்தியானம் வெள்ளரிக்காய், ஒரு அவித்த முட்டை, அல்லது "கிரில் செய்த சல்மன்". எங்கட ஊரில் சமன் என்றால் ரின்மீன். திருநெல்வேலிச் சந்தையில் போய் நான் எந்தச் சல்மனைத் தேட? தாளின் மேலே பேர் எழுதும் இடத்தில் வெள்ளை மை பூசி என் பேர் எழுதியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் வேறு ஒரு பெண்ணின் பேர் தெரிகிறது. என் மச்சாளின் அயலில் ஒருவர் போன வருசம் வாங்கிய தாளும் இதேதான், "கொழுப்ப்பு" என்ற எழுத்துப்பிழை உட்பட. அந்த அம்மாவுக்கு 59 வயது, சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவ. அவவுக்கும் எனக்கும் ஒரே சாப்பாடு, 8,500 ரூபாய்க்கு.

பயிற்சி என்பது ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் ட்ரெட்மில், அதற்குப் பிறகு துள்ளல். மூலையில் டம்பெல் அடுக்கியிருந்தது. தூக்கிப் பார்க்கட்டோ என்று கேட்டதற்கு, "ஐயோ அக்கா, ஆம்பிளை மாதிரி ஆகிடுவீங்கள்" என்று சிரித்தார்கள். முழுப் பொய். பெண்களுக்கு ஆண்களைவிட டெஸ்ரொஸ்ரரோன் மிகக் குறைவு, சும்மா டம்பெல் தூக்கி ஒருவரும் அப்படி ஆகிவிடமாட்டார்கள். மூன்றாம் கிழமை ட்ரெட்மில்லில் தலை சுற்றியது. குளுக்கோஸ் கரைத்துத் தந்துவிட்டு, "கொழுப்பு உருகுது, அதுதான்" என்றார்கள். ஆறாம் கிழமை விடியக் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டு இருந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். சின்னவள்தான் கண்டு கத்தினாள். அந்த மாதம் மாதவிடாயும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்த பெண் டொக்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினா. ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. 12 கிழமையில் 12 கிலோ என்றால் கிழமைக்கு ஒரு கிலோ, நாளுக்கு 1,100 கலோரி குறையவேண்டும். என்னைப் போல வீட்டு வேலை செய்யும் ஒருவருக்கு நாளுக்கு 1,800 அளவில் செலவாகும் என்று வையுங்கள். 1,100ஐக் கழித்தால் சாப்பிட மிஞ்சுவது 700. "800க்குக் கீழே எண்டால் அது டொக்டர்மார் பக்கத்தில இருந்து பார்க்க வேண்டிய சாப்பாடு. இவை அதையும் தந்து, மேல ஓடவும் விட்டிருக்கினம்" என்றா. புரதமும் காணாது, தசைக்கு வேலையும் இல்லை என்றால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துத் தின்னுமாம். இரத்தத்தில் இரும்பும் குறைந்திருந்தது. "ரெண்டு மூண்டு மாசத்தில தலைமயிர் கொட்டும், பயந்திடாதேங்கோ, திரும்ப வரும்" என்று முன்னமே சொன்னா. இப்போது சீப்பில் கொத்துக் கொத்தாக வருகிறது. 5 கிலோ குறைந்தது, நிறுத்தி ஒரு மாதத்தில் 4 கிலோ திரும்பி வந்துவிட்டது. 68,500 ரூபாய்க்கு ஒரு கிலோ.

காசைக் கேட்கப் போன கதை இன்னும் மோசம். முதலில், "3 மாதம் முடியட்டும் அக்கா, அதுக்குப் பிறகுதானே ரிசல்ட் பார்க்கலாம்." பிறகு, "நீங்கள் களவாகச் சாப்பிட்டிருப்பீங்கள், மெஷின் பொய் சொல்லாது." ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினேன். "எங்கட மேடம் டிப்ளோமா செய்தவ, டொக்டர்மாருக்குச் சாப்பாட்டைப் பற்றி என்ன தெரியும்?" வட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக்கோடு விழும், பதில் வராது. ஒருநாள் பதில் வந்தது, என்னவென்று பார்த்தால் வருடப்பிறப்புக்கு 20 வீதம் கழிவு, சிநேகிதியையும் கூட்டி வாருங்கள்! போன கிழமை 36,000க்கு அவர்கள் எழுதித் தந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில், எறும்பு ஊர்ந்தது மாதிரி ஆங்கிலத்தில், கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று இருக்கிறது. 12 கிலோ உத்தரவாதம் என்பது வாயால் சொன்னது மட்டும்.

இன்னொன்றும் பிந்தித்தான் தெரிந்தது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுப்பதென்றால் வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். நான் காசு கட்டியது தை 24. "3 மாதம் முடியட்டும்" என்று அவர்கள் ஏன் அத்தனை தடவை சொன்னார்கள் என்று இப்போது விளங்குகிறது. நீங்கள் யாராவது மாட்டியிருந்தால் ஆற வைக்காதீர்கள், இன்றைக்கே அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், சின்னவளை ரியூசனுக்கு ஏற்ற நேரமாகிவிட்டது. அவசரத்தில் நாலு சொல்லிவிட்டுப் போகிறேன்.

கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், அதற்கு மேல் சத்தியம் செய்பவரை நம்பாதீர்கள். ஒரு மணித்தியாலம் கெதியாக நடந்தால் எனக்கு 300 கலோரிக்குக் கிட்டப் போகும், ஒரு ரோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் அதைத் திருப்பித் தந்துவிடும். ஆகவே நடை மட்டும் காணாது, பட்டினி மட்டும் கூடவே கூடாது. டொக்டர் எனக்குச் சொன்னது: கோப்பையில் பாதி வறையும் மரக்கறியும், சிவப்பரிசிச் சோறு ஒரு சின்னக் கோப்பை, சூடை மீனோ முட்டையோ பயறோ ஒவ்வொரு நேரமும். புட்டை விடவேண்டாம், ஒரு குழலைப் பாதியாக்கு. கிழமைக்கு 150 நிமிட நடை, பண்ணைக் கடற்கரையில் காசில்லாமல். இரண்டு நாள் தசைக்கு வேலை, கதிரையில் இருந்து கைபிடிக்காமல் எழும்பி இருப்பது, தண்ணிப் போத்தல் இரண்டைத் தூக்குவது. மாதவிடாய்க் கிழமையில் தராசில் ஏறாதீர்கள், தண்ணீர் பிடித்து ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும். நாடாவால் இடுப்பை அளப்பது தராசைவிட நல்லது, ஆனால் நாடாவை நீங்களே பிடியுங்கள்.

சொந்தக் கணக்குக்குக் காசு போடவேண்டாம். வாயால் சொன்ன உத்தரவாதத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். இறக்குமதி செய்தவரின் விலாசமும் முடிவுத் திகதியும் இல்லாத ரின்னை வாங்கவேண்டாம். என்னுடைய இரண்டிலும் திகதி இருக்கவேண்டிய இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

ஒரு ரின் இன்னும் உடைக்காமல் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. 68,500ஐ விடுங்கள், இந்த ரின்னை எடுத்துக்கொண்டு 12,000ஐயாவது தாருங்கள் என்று மத்தியானம் படத்தோடு அனுப்பினேன். நீலக்கோடு விழுந்து மூன்று மணித்தியாலம்.