அட்டன் மழையில் கிட்டார் கோர்ட்ஸ்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் தோட்ட லயத்துக் காம்பராவில், அதாவது வரிசை வீட்டு அறையில், இருந்துகொண்டு கிட்டார் பழக ஆரம்பித்து சில வருடம் ஓடிவிட்டது. கோர்ட்ஸ், அதாவது சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒன்றாக மீட்டுகிற பிடிகள் மட்டும்தான், தனியாக மெலடி வாசிக்கிற அளவுக்கு இன்னும் போகவில்லை. வாங்கலாமா என்று தம்பிமார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். விரல் வலிக்கிறது, கை சின்னது, நமக்கு ஞானமில்லை என்று சொல்லி விட்டுவிட்டுப் போகிறவர்கள் பலருடைய கிட்டாரை வாங்கிப் பார்த்தால் குறை கிட்டாரில்தான் இருக்கும்.

என்னுடையது ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அகூஸ்டிக். வாங்கின புதிதில் 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் கிட்ட இடைவெளி. கடையில் கேட்டதற்கு "போகப் போகப் பழகிடும்" என்றார்கள். அது பழகாது! தடித்த ஈ கம்பியில் 2.5 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால்தான் புதிதாகப் பழகுகிறவருக்கு வசதி. சர்ச்சில் வாசிக்கிற அண்ணன் ஒருவர் உடம்புப் பக்கத்தில் கம்பியைப் பிடித்திருக்கிற பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காருகிற வெள்ளைத் துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தை மட்டும் சாண்ட் பேப்பரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இறக்கித் தந்தார், அப்புறம் தடித்த 12 நம்பர் கம்பியை எடுத்துவிட்டு மெல்லிய 10 நம்பர் செட் போடச் சொன்னார். அன்றைக்கே சி கோர்ட் சுத்தமாகக் கேட்டது.

வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். கம்பியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, அதே கம்பி 1ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று கவனியுங்கள். ஒரு மெல்லிய கடதாசி நுழைகிற அளவு இருந்தால் போதும். அதைவிட உயரமாக நின்றால், தலைப்பக்கத்தில் கம்பி ஏறி வருகிற நட் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம், ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துகிற எஃப் கோர்ட் உங்களைக் கொன்றுவிடும். எல்லாரும் பயப்படுகிற இந்த எஃப் கஷ்டமாக இருப்பதே அது நட்டை ஒட்டிய முதல் ஃப்ரெட்டில் வருவதால்தான், அங்கேதான் கம்பி இறுக்கமாக நிற்கும். அதே பிடியை 5ஆம் ஃப்ரெட்டில் பிடித்தால் ஏ கோர்ட், பாதிச் சிரமம்கூட இருக்காது. அங்கே பழகிக்கொண்டு ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வாருங்கள், நான் அப்படித்தான் எஃப்புக்கு வந்தேன். அதுவரைக்கும் அதற்குப் பதிலாகச் சுலபமான எஃப் மேஜர் 7 வைத்து ஓட்டலாம், கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

கோர்ட் படத்தைப் பார்த்து முப்பது நாற்பது பிடியை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி போதும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் வேலையே. மாறும்போது எந்த விரல் நகரவே வேண்டாம் என்று பாருங்கள். ஏ மைனரிலிருந்து சி போக மோதிர விரல் மட்டும் நகர்ந்தால் போதும். ஏ மைனர் பிடியை அப்படியே ஒரு கம்பி மேலே, தடித்த கம்பிப் பக்கம், தள்ளினால் ஈ. சியிலிருந்து ஜி போகும்போதும் நடுவிரல், மோதிர விரல் இரண்டும் ஒவ்வொரு கம்பி மேலே ஏறும், சுண்டு விரல் மெல்லிய கடைசிக் கம்பியில் 3ஆம் ஃப்ரெட்டுக்கு வரும், அவ்வளவுதான். இடது கை தடுமாறினாலும் வலது கை நிற்கக் கூடாது. கல்யாண வீட்டில் ஆடுவதற்கு பைலாப் பாட்டுக் கேட்பார்கள், அது 6/8 தாளம், கை நின்றால் ஆடுகிறவர்கள் முறைப்பார்கள்.

இனி நம்ம ஊர் விஷயம். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் இங்கே துணியே காயாது, பலகை எப்படி இருக்கும்? ஈரத்தைக் குடித்து மேல்பலகை லேசாக உப்பும், கூடவே கம்பியும் உயரும், போன மாதம் சுலபமாக வந்த கோர்ட் திடீரென்று வராது. வெளிச்சுவரில் தொங்கவிடாதீர்கள், பையில் போட்டு உள்ளே சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு வையுங்கள். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரமே துருப்பிடித்து விரலை அறுக்கும். பூச்சுப் போட்ட கம்பி விலை கூடத்தான், ஆனால் மழைக்காலத்துக்கு அது பிரயோசனம். கொழும்புக்குக் கொண்டுபோனால் வேறு கூத்து, சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கிவிடும், போய் இறங்கியதும் போனில் ட்யூனர் ஆப்பை வைத்துத் திருப்பிச் சரிசெய்யாமல் வாசிக்க முடியாது.

தை மாதக் குளிரில் விரல் மடங்காது. பிளேன்டீக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஆரம்பிக்கிறேன். விரல்நுனி காய்த்துப்போனது பற்றிக் கேட்கிறவர்களுக்கு, கொழுந்து எடுத்த அம்மாவின் விரலைவிட இது ஒன்றுமில்லை, சில வாரத்தில் வலி நின்றுவிடும்.

லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கு எல்லாம் கேட்கும், அதனால் ராத்திரியில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிக்கடியில் ஒரு துணித்துண்டைச் செருகிவிட்டுப் பழகுங்கள், சத்தம் அடங்கிவிடும். சினிமாப் பாட்டுக்கு ஒரு கேப்போ, அதாவது ஒரு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப், கட்டாயம் வாங்குங்கள், பாடுகிறவர் சுருதிக்கு ஏற்ப மாற்றலாம். எனக்கு பி கோர்ட் இன்னும் கரகரவென்றுதான் வருகிறது, இப்போதைக்கு பி 7 வைத்துச் சமாளிக்கிறேன்.