லெவோடோபா மாத்திரை: அப்பாவுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவம்

வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் (உடம்பு இறுகி, கை நடுங்கும் மூளை நரம்பு நோய்) இருந்தால் இந்த மாத்திரை கட்டாயம் தெரிந்திருக்கும். லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 25 மில்லிகிராம் சேர்ந்தது. பல கம்பெனிகள் பல பெயரில் போடுகிறார்கள், அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இந்த இரண்டு பெயரும் இருக்கும். அப்பா சில வருடங்களாகச் சாப்பிடுகிறார். என் கருத்து: அருமையான மருந்து, ஆனால் மெதுவாக ஏற்ற வேண்டும், நேரம் தவறவே கூடாது.

ஏன் மெதுவாக என்பது ஜார்ஜ் கோட்சியாஸ் என்கிற மருத்துவரைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. 1918இல் கிரீட் தீவில் பிறந்து, நாஜிகள் கிரேக்கத்தைப் பிடித்ததும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். நியூயார்க் மாநிலத்தில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் மாங்கனீசைப் பற்றி ஆராய்ந்தார். மாங்கனீசுத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்த சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பார்க்கின்சன் மாதிரியே உடம்பு இறுகிப்போவதுண்டு, சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகளிடம் அதை ஆராய்ந்தார். இதற்கு நடுவில், 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் என்கிற ஆராய்ச்சியாளர், பார்க்கின்சனோடு இறந்தவர்களின் மூளையில், உடம்பை அசைக்க உதவும் டோபமின் என்கிற ரசாயனம் ரொம்பக் குறைந்திருப்பதைக் காட்டியிருந்தார். டோபமினை நேராகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. லெவோடோபா போகும், உள்ளே போய் டோபமினாக மாறும். அடுத்த வருடமே ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள், படுத்தே கிடந்தவர்கள் எழுந்தார்கள், ஆனால் சில மணி நேரத்தில் பலன் போய்விட்டது. அதற்கப்புறம் முயன்ற பலருக்கு ஒன்றும் சரியாக வரவில்லை.

கோட்சியாஸ் வாய் வழியாகக் கொடுத்தார். கொஞ்சமாக ஆரம்பித்து, வாந்தி வராதபடி மெதுமெதுவாக ஏற்றி, ஒரு நாளைக்குப் பல கிராம் வரை கொண்டுபோனார். இத்தனைக்கும் அவர் முதலில் நினைத்தது, இந்த நோயில் மூளையில் குறைந்துபோகிற கறுப்பு நிறமியை மீட்க முடியுமா என்றுதான். 1967இல் வந்த கட்டுரையில் 16 நோயாளிகளில் 8 பேருக்கு நல்ல முன்னேற்றம். அந்தப் பொறுமை மட்டும் இல்லையென்றால் இந்த மருந்தைப் பயனில்லை என்று ஒதுக்கியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். பிறகு கார்பிடோபா சேர்ந்தது. மூளைக்கு வெளியே லெவோடோபா வீணாகாமல் அது தடுப்பதால் தேவைப்படும் அளவு ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்தது, வாந்தியும் குறைந்தது.

சரி, வீட்டில் எப்படி? அப்பாவுக்கு முதலில் அரை மாத்திரைதான், அதற்கே குமட்டியது, அப்புறம் பழகிவிட்டது. சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறார், நாற்காலியிலிருந்து கை கொடுக்காமல் எழுகிறார், கையெழுத்து மறுபடி படிக்கிற மாதிரி வந்திருக்கிறது. நடுக்கம் கொஞ்சம்தான் குறைந்தது. மலச்சிக்கலுக்கும் ஞாபக மறதிக்கும் இதை நம்பாதீர்கள். நரம்பணுக்கள் அழிவதையும் இது நிறுத்தாது.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுத்தால் நன்றாக வேலை செய்கிறது. பால், முட்டை, பருப்பு என்று புரதம் அதிகமாகப் போனால் அதுவும் லெவோடோபாவும் உள்ளே போக ஒரே வழியில் போட்டி போடும். குமட்டல் தாங்காதவர்கள் இரண்டு பிஸ்கட்டோடு கொடுக்கலாம். வருடங்கள் போகப்போக அடுத்த வேளை வருவதற்குள் பலன் தீர்ந்துபோகிறது, சில நேரம் உடம்பு தானாக நெளிகிறது. எந்த நேரத்தில் இறுகுகிறது, எப்போது நெளிகிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு போனால் நியூராலஜிஸ்ட் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கவனமாக இருங்கள். அப்பாவை வேறு காரணத்துக்காகச் சேர்த்திருந்த ஓர் இடத்தில் வார்டில் மருந்து கொடுக்கிற நேரத்துக்குத்தான் இதையும் கொடுத்தார்கள், மதியத்துக்குள் அவரால் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் வேளை நேரத்தைத் தாளில் எழுதி நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு போட வந்தால் பார்க்கின்சன் இருப்பதைச் சொல்லுங்கள், அது நோயின் அறிகுறிகளைக் கூட்டும்.

பூனைக்காலி விதைப் பொடியைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த விதையில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது, அதனால்தான் மாத்திரையோடு சேரும்போது அளவு கூடிவிடும். டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.