சென்சஸா, வரிப் பட்டியலா?

என் மருமகள் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்காரி. அவள் முன்னோர் எப்போது அப்பலாச்சியன் மலை தாண்டி அங்கே வந்தார்கள் என்று தேடும் வேலை, ரிடையர் ஆன என் தலையில் விழுந்தது. எல்லாரையும் போல நானும் சென்சஸில்தான் தொடங்கினேன், ஆறு மாதம் வீணாய்ப் போனது.

1850-க்குப் பிறகு வாழ்ந்தவர் என்றால் தயங்காமல் சென்சஸுக்கே போங்கள், பெயர், வயது, பிறந்த மாநிலம் எல்லாம் கிடைக்கும் (அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு மட்டும் அப்போதும் பெயர் எழுதவில்லை). 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. போதாக்குறைக்கு கென்டக்கியின் 1790, 1800 ஏடுகள் இன்று இல்லவே இல்லை. அந்த மலையில் உள்ள கம்பர்லாந்து கணவாய் வழியாக ஜனம் வந்து குவிந்ததே அந்தக் காலத்தில்தான்!

டிஎன்ஏ சோதனையும் செய்து பார்த்தோம். சொந்தம் உண்டு என்றது, எந்த வழியில் என்று சொல்லவில்லை.

வரிப் பட்டியல் அப்படியில்லை. கென்டக்கியில் 1792-லிருந்து வருஷாவருஷம் எழுதியிருக்கிறார்கள்: 21 வயதைத் தாண்டிய ஆண், எத்தனை குதிரை, எத்தனை ஏக்கர், அந்த நிலம் எந்த ஓடைக்கரையில். இந்த ஓடைதான் எங்கள் சிக்கலை அவிழ்த்தது. ஒரே கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரே பெயரில் இரண்டு பேர். சென்சஸை வைத்துக்கொண்டு எவர் நம்மவர் என்று தலைகீழாக நின்றாலும் தெரியாது, ஆனால் இருவர் நிலமும் வேறு வேறு ஓடையில் இருந்ததால் வருஷம் வருஷமாகத் தனித்தனியே பின்தொடர முடிந்தது. நிலமே இல்லாதவனும் பட்டியலில் இருப்பான். புதுப் பெயர் தலைகாட்டினால் பையனுக்கு 21 ஆகியிருக்கும், இல்லையென்றால் யாரோ புதிதாக வந்திருப்பார்கள். ஆண் பெயர் போய் அதே ஓடையில் பெண் பெயர் வந்தால், பெரும்பாலும் அவர் இறந்துவிட்டார், அது அவர் மனைவி.

பெண்களை இதில் அதிகம் பார்க்க முடியாது, அதுதான் குறை. அதற்கு நிலப் பத்திரம் வேண்டும். உயில் எழுதாமல் அப்பா இறந்தால் வாரிசுகள் சேர்ந்து நிலத்தை விற்பார்கள், மகள்கள் கணவர் பெயரோடு வந்து நிற்பார்கள்.

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இந்தப் பட்டியல்கள் இலவசம், ஆனால் பொறுமை வேண்டும். முதல் எழுத்துவாரியாகப் பிரித்திருப்பார்கள், அதற்குள் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கவுண்டி எல்லையையும் பாருங்கள்: 1780-ல் மூன்றாக இருந்தது இன்று 120, ஆள் நகராமலேயே கவுண்டி மாறியிருக்கும்.

பக்கத்து மாநிலங்களான ஓஹையோ, இண்டியானா பக்கம் இதே வழி எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நான் புரட்டியது கென்டக்கி ஏடுகளை மட்டும்தான்.