குறியீடு இல்லாத குட்டி சிலிண்டர்: வேலூரில் வாங்குவோர் கவனத்திற்கு

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் என் மைத்துனருக்காக, வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு கடையில் 5 கிலோ எரிவாயு சிலிண்டரும், அதன் தலையில் திருகிக்கொள்ளும் பர்னரும் 3,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பல நாள் கடலில் தங்கும் படகில் சமைப்பதற்கு என்று சொல்லித்தான் கேட்டேன். "கம்பெனி சரக்கு சார், பயமில்லாம எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். பையில் வைத்துக் காட்பாடியில் ரயில் ஏறிவிடலாம் என்று யோசனை வேறு சொன்னார். ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி அது தண்டனைக்குரிய குற்றம். தெரிந்தவரின் சரக்கு வண்டியில்தான் அனுப்பினேன்.

படகின் டிரைவர் அதைப் பற்றவைக்க மறுத்துவிட்டார். அவர் வால்வில் சோப்புத் தண்ணீரைத் தடவியதும் குமிழ்கள் கிளம்பின. புதுச் சிவப்பு வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பழைய துரு, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை, சோதனைத் தேதியும் இல்லை.

வீட்டில் கசிந்தால் கதவையும் ஜன்னலையும் திறந்து வாயுவை வெளியேற்றலாம். படகில் அது நடக்காது. சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது என்பதால், கசிந்தது அனைத்தும் அண்டாவில் ஊற்றிய தண்ணீரைப் போலப் படகின் அடிப்பகுதியில் இறங்கித் தேங்கிவிடும். இன்ஜினும் பேட்டரியும் இருப்பதும் அங்கேதான். காற்றில் 2 விழுக்காடு அளவுக்குக் கலந்துவிட்டாலே ஒரு சிறு பொறி போதும். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எரிவாயுவில் நாற்றம் சேர்க்கிறார்கள், ஆனால் டீசலும் மீனும் நாறும் இடத்தில் மூக்கை எவ்வளவு தூரம் நம்புவது?

இத்தகைய சிலிண்டர்களில் வீட்டு உபயோகச் சிலிண்டரிலிருந்து திருட்டுத்தனமாக வாயுவை மாற்றி அடைக்கிறார்கள். வெயிலில் திரவம் விரிவதற்காகச் சிலிண்டரில் 15 முதல் 20 விழுக்காடு இடம் விட்டு நிரப்புவதே முறை. கடையின் பின்புறம் குழாய் போட்டு நிரப்புகிறவர் அதையெல்லாம் அளந்து பார்ப்பதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் ரசீதைக் காட்டச் சொன்னார். அதில் "அடுப்பு 1" என்று மட்டுமே எழுதியிருந்தது. சிலிண்டரைத் தாம் விற்கவே இல்லை என்று சாதித்துவிட்டார். அவர் அப்படி எழுதியது மறதியால் அல்ல என்பது என் முடிவு.

எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டரே முகவர்களிடமும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கிறது. அதை வாங்கும்போதும் கைப்பிடியைத் தாங்கும் தகடுகளின் உட்புறத்தைப் பாருங்கள்: ஏ, பி, சி, டி என்னும் எழுத்து ஆண்டின் நான்கு காலாண்டுகளில் ஒன்றையும், அதை அடுத்த எண் ஆண்டையும் குறிக்கும். சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு அது; கடந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கசிவு என்றால் 1906 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. கடையின் வாசலில் அதே சிவப்புச் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கின்றன.